உதவி: 14 இரவு, 7 ஊர், ரயிலில் ஹனிமூன். யூரெயில் பாஸ் எடுக்கலாமா?

கொங்கு_மாப்பிள்ளை (இரவு 10.12)
அவசரம். ஹனிமூனுக்கு ஐரோப்பா போகிறோம். எல்லாமே ரயிலில்தான். பாரிஸ் 3, சுவிஸில் இன்டர்லாக்கன் 4, வெனிஸ் 1, ரோம் 2, வியன்னா 2, பிராக் 1, லண்டன் 1 என்று இரவுகளைப் பிரித்து வைத்திருக்கிறேன். யூரெயில் 10 நாள் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் ஒரே பாஸ்) எடுத்தால் இதற்கெல்லாம் போதுமா? தள்ளுபடி நாளையோடு முடிகிறது. எடுத்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ரயில்பிரியை (இரவு 10.25)
வாழ்த்துகள்! எந்த மாதம் என்று சொல்லவில்லையே? ஃபிளைட் போட்டாயிற்றா? எங்கே இறங்குகிறீர்கள், எங்கிருந்து திரும்புகிறீர்கள்? இருவருக்கும் வயது என்ன? 27 வயது வரை பாஸ் விலை 25 சதவீதம் குறைவு. இதெல்லாம் தெரியாமல் பாஸைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

தண்டவாளம் (இரவு 10.31)
யோசிக்கவே வேண்டாம், பாஸ் எடுங்கள். நான் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுக்கப் பாஸில்தான் சுற்றினேன். செல்போனில் அன்றைய ரயிலைச் சேர்த்தால் போதும், எந்த வண்டியிலும் ஏறி உட்காரலாம். ஒரு வண்டியை விட்டால் அடுத்தது. அந்த நிம்மதிக்கு விலையே கிடையாது.

பயணச்சித்தர் (இரவு 10.40)
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்கள் ஐரோப்பாவுக்கு எப்படித் திட்டம் போடுவார்கள் என்று தெரியவில்லை. வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் ரோமிலிருந்து வியன்னா எவ்வளவு தூரம், பிராக்கிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று புரிந்திருக்கும். முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள்.

ரயில்பிரியை (இரவு 10.46)
சித்தர் ஐயா, அவர் முதல் தடவை போகிறார். கல்யாண வேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கிறார். தெரிந்ததைச் சொல்வோம்.

கொங்கு_மாப்பிள்ளை (இரவு 10.58)
செப்டம்பர் கடைசி வாரம் கிளம்புகிறோம். ஃபிளைட் போட்டாயிற்று. எனக்கு 31, அவங்களுக்கு 28. பாஸ் எடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் சொன்னால் போதும்.

இரவுவண்டி (இரவு 11.05)
ரோமிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் இரவு ரயில் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் வியன்னா. ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம். நீண்ட தூரத்தையெல்லாம் இரவில் போட்டுவிட்டால் 7 ஊரும் தாராளமாக முடியும்.

மலைக்காற்று (இரவு 11.14)
இரவு ரயிலில் பாஸுக்குப் பயணம் மட்டும்தான் சேர்த்தி. படுக்கைக்குத் தனியாகக் காசு. குறைந்த விலைப் படுக்கை என்றால் முன்பின் தெரியாத நாலைந்து பேரோடு ஒரே கூபே. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை அங்கே அனுப்பச் சொல்கிறீர்களா? இருவருக்கு மட்டும் என்று தனி கூபே எடுத்தால் ஹோட்டல் வாடகையைத் தாண்டிவிடும்.

லாசப்பல்_தமிழன் (இரவு 11.30)
வணக்கம் தம்பி. நான் பாரிசில் 19 வருடமாக இருக்கிறேன். பாஸ் பற்றிச் சொல்கிறேன், வடிவாகக் கேளுங்கோ. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தண்டவாளம் சொன்னது சரி, ஏறி இருந்தால் போதும். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் பிரெச்சாரோசா, லண்டனுக்குப் போகிற யூரோஸ்டார் என்ற மூன்று அதிவேக வண்டிகளுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குக் காசு வேறு. டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரருக்கு ஒதுக்குகிற இருக்கைகளும் குறைவு. பாஸ் கையில் இருக்க ரயில் கிடைக்காமல் கார் து லியோன் ஸ்டேஷனில் நிற்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் பாதையில் பாதிக்கு மேல் இந்த மூன்று வண்டிகள்தான்.

அது போக, எத்தனை சூட்கேஸ் கொண்டு வருகிறீர்கள்? இதை ஒருவரும் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் வண்டி கார் து நோர் ஸ்டேஷனுக்கு வரும். சுவிஸ் வண்டி புறப்படுவது கார் து லியோனில். இரண்டுக்கும் நடுவில் ஆர்இஆர் டி. பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, படிதான். பெட்டியை நீங்களே தூக்க வேண்டும். இங்கே போர்ட்டர் என்று ஒருவர் வரமாட்டார்.

கொங்கு_மாப்பிள்ளை (இரவு 11.41)
பெரிய சூட்கேஸ் 3, கைப்பை 2. ஒன்றில் சின்ன ரைஸ் குக்கரும் பொடி வகைகளும்.

மலைக்காற்று (இரவு 11.52)
தயவுசெய்து இருவருக்கும் ஆளுக்கு ஒரு நடுத்தர சூட்கேஸ், அதற்கு மேல் வேண்டாம். நாங்கள் போன வருடம் அதே மூன்று பெரிய சூட்கேஸோடு போனோம். இன்டர்லாக்கன் பக்கத்து ஸ்பீட்ஸில் வண்டி மாற வேண்டும். நான் இரண்டை இறக்கிப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால், மூன்றாவதன் சக்கரம் கதவுக்கும் படிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் உள்ளேயிருந்து தள்ளுகிறார், நான் வெளியேயிருந்து இழுக்கிறேன். பின்னால் இறங்க நின்ற ஒரு பாட்டி தன் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து சக்கரத்தை விடுவித்தார். வண்டி நிற்பதே இரண்டு மூன்று நிமிடம்தான். வெனிஸில் அதே சூட்கேஸைப் படிப் பாலங்களில் ஒவ்வொரு படியாகத் தூக்கி இறக்கி, ஹோட்டல் போய்ச் சேரும்போது கைப்பிடி உடைந்திருந்தது.

கணக்கர் (காலை 6.20)
ஊர் மாறும் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிஸிலிருந்து இன்டர்லாக்கன் போக, பாசல் வரை டிஜிவியில் 3 மணி, அங்கிருந்து 2 மணி, நடுவில் காத்திருப்பு. அறையைக் காலி செய்வது, ஸ்டேஷனுக்குப் போவது, இறங்கி அடுத்த அறையைத் தேடுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு முழுப் பகல் போய்விடும். 7 ஊர் என்றால் நடுவில் 6 மாற்றம். அதில் பிராக்கிலிருந்து லண்டனுக்கு நேர் ரயிலே கிடையாது, பகல் முழுக்க வண்டி மாறி மாறிப் போக வேண்டும். வெனிஸில் ஒரே இரவு என்றால் மாலையில் போய் மறுநாள் காலையில் கிளம்புவீர்கள். கூட்டம் வடிந்த பிறகான ராத்திரியும் விடிகாலையும்தான் அந்த ஊரின் அழகு. அதற்குக் குறைந்தது இரண்டு இரவு வேண்டும்.

மலைக்காற்று (காலை 7.02)
இன்டர்லாக்கனில் 4 நாளை மட்டும் குறைக்காதீர்கள். ஒருநாள் யுங்ஃபிராவ்யோக் போங்கள். 3,454 மீட்டர் உயரத்தில் ரயில்வே ஸ்டேஷன். 1912இலிருந்து ஓடுகிறது.

பயணச்சித்தர் (காலை 7.30)
யுங்ஃபிராவ்யோக் விளம்பரத்தில் வளர்ந்த இடம். அதே காசுக்கு ஷினிகே பிளாட்டே, ரிகி என்ற இரண்டு மலைகளுக்கும் போய்வந்து, மீதியில் ஏரியில் படகும் போகலாம். நான் மூன்று முறை சுவிஸ் போயிருக்கிறேன், ஒருமுறைகூட அங்கே ஏறவில்லை. கூட்டம் போகும் இடத்துக்கே எல்லோரும் போக வேண்டும் என்பதில்லை.

மலைக்காற்று (காலை 7.48)
ஏறாமலே எப்படி வேண்டாம் என்கிறீர்கள்? என் அம்மாவுக்கு 61 வயது, தேனியைத் தாண்டி அதிகம் போனதில்லை. மேலே கதவைத் திறந்து வெளியே வந்ததும் செருப்பைக் கழற்றப் போனார். கோயிலுக்குள் நுழைவதுபோல் இருந்ததாம். அப்புறம் கை நிறையப் பனியை அள்ளி, உருகும்வரை கீழே போடவில்லை. ஷினிகே பிளாட்டேவில் பூவும் புல்வெளியும் அழகுதான், ஆனால் அங்கிருந்து பனிச்சிகரத்தை எதிரே நின்று பார்க்கத்தான் முடியும்.

தண்டவாளம் (காலை 8.05)
மேகம் மூடினால்? என் நண்பன் அவ்வளவு காசு கொடுத்து ஏறி, வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கினான். சித்தர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மலைக்காற்று (காலை 8.12)
மேலே நேரலைக் கேமரா இருக்கிறது. அன்று காலை பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. நாங்கள் இரண்டு நாள் காத்திருந்து மூன்றாம் நாள்தான் ஏறினோம். 4 இரவு வேண்டும் என்று சொன்னது அதற்குத்தான்.

பயணச்சித்தர் (காலை 8.20)
காத்திருக்கும் நேரத்தில் வேறு இரண்டு மலை பார்த்துவிடலாம்.

ரயில்பிரியை (காலை 8.41)
மலைச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். சுவிஸுக்கு எது லாபம் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று மலை ஏறுவதாக இருந்தால் ஹாஃப் ஃபேர் கார்டு பாருங்கள். ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாம் பாதி விலை. யுங்ஃபிராவ்யோக்கும் பாதிதான். சுவிஸ் டிராவல் பாஸில் சாதாரண ரயில்கள் இலவசம், ரிகியும் இலவசம், ஆனால் யுங்ஃபிராவ்யோக்குக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி. இன்னொன்று, இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் மலை வண்டி ஸ்வைலூச்சினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன், மறு பாதி கிரின்டல்வால்ட். பெட்டியில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

மாப்பிள்ளை, முக்கியமான கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஃபிளைட் எங்கிருந்து எங்கே? விசா எந்த நாட்டில்?

கொங்கு_மாப்பிள்ளை (காலை 9.15)
போகும்போதும் பாரிஸ், திரும்புவதும் பாரிஸ். மாற்றினால் பெரிய தொகை போகிறது. விசாவுக்குப் பிரான்ஸில் அப்பாயின்ட்மென்ட், அடுத்த திங்கள். லண்டன் எதற்கு என்றால் அங்கே அவங்க சித்தி இருக்காங்க. கல்யாணத்துக்கு வர முடியவில்லை, பார்க்காமல் வந்தால் வருத்தப்படுவாங்க.

கணக்கர் (காலை 9.33)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பாஸைவிடப் பெரிய சிக்கல் விசாவில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லும் ஒரே விசா) கேட்க வேண்டும். உங்கள் பட்டியலில் பிரான்ஸ் 3, சுவிஸ் 4. இப்படியே ஹோட்டல் பதிவுகளைக் கொண்டுபோனால் சுவிஸுக்குப் போங்கள் என்று திருப்பிவிடலாம். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. லண்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். லண்டனிலிருந்து மறுபடி பாரிஸுக்கு வந்து விமானம் ஏற, பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவாக இருக்க வேண்டும். ஒரு இரவுக்காக இவ்வளவும்.

ரயில்பிரியை (காலை 9.50)
பிராக், வியன்னா, ரோம், லண்டன் நான்கையும் எடுத்துவிட்டு இப்படிப் பாருங்கள்: பாரிஸ் 4, இன்டர்லாக்கன் 4, வெனிஸ் 3, மிலான் 1, மறுபடி பாரிஸ் 2. 14 இரவும் சரியாக வருகிறது. பிரான்ஸ் 6, சுவிஸ் 4, இத்தாலி 4. திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்டை மாற்றவே வேண்டாம்.

இன்டர்லாக்கனிலிருந்து ஸ்பீட்ஸ், மிலான் இரண்டிலும் மாறி வெனிஸ். டிக்கெட் எடுக்கும்போது வெனிஸியா சாந்தா லுசியா என்று பார்த்து எடுங்கள். மெஸ்த்ரே என்றால் கடலுக்கு இந்தப் பக்கம், நிலத்தில் நின்றுவிடும். சாந்தா லுசியாவில் வாசல் படி இறங்கினால் எதிரே கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய். உங்கள் மனைவியை முதலில் வெளியே போகச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

லாசப்பல்_தமிழன் (காலை 10.10)
தங்கச்சி சொன்ன திட்டம் நல்லது. மிலானிலிருந்து பாரிசுக்கு நேர் வண்டி உண்டு, ஏறத்தாழ 7 மணித்தியாலம். 2023 ஆகஸ்டில் மொரியன் பள்ளத்தாக்கில் மலை சரிந்து அந்தப் பாதை மூடிக் கிடந்தது. 2025 மார்ச் கடைசியில் திறந்துவிட்டார்கள்.

சித்தி விசயம். அவருக்கு பிரித்தானியப் பாஸ்போட் இருந்தால் விசா இல்லாமலே பாரிசுக்கு வரலாம். லண்டனிலிருந்து யூரோஸ்டார் இரண்டே கால் மணித்தியாலம், இறங்குவது கார் து நோர். அங்கிருந்து தமிழ்க் கடைகள் உள்ள லாசப்பலுக்கு நடந்தே போகலாம். மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டு, பக்கத்தில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு எல்லோரும் இருந்து கதைக்கலாம். ரைஸ் குக்கர் வேண்டாம் தம்பி, அந்த இடத்தில் சித்திக்கு ஒரு சேலை வையுங்கோ.

கணக்கர் (காலை 10.28)
இந்தப் பாதைக்குப் பெரிய ரயில் பயணம் நான்குதான். பாஸுக்கு வேலையே இல்லை. டிஜிவியும் பிரெச்சாரோசாவும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அதனால் விசா வந்த அன்றே தனித்தனி டிக்கெட்டாகப் போடுங்கள். நம் ஊர்போல் வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி கிடையாது. மலிவு டிக்கெட் பலவற்றை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணச்சித்தர் (காலை 10.45)
ஒன்று விட்டுப்போயிற்று. விண்ணப்பிக்கும் அன்று கல்யாணம் ஆகியிருக்காவிட்டால் இருவரும் திருமணமாகாதவர் என்றுதான் தனித்தனிப் படிவத்தில் எழுத வேண்டும். பத்திரிகையை இணைத்து வையுங்கள். மணப்பெண்ணின் பாஸ்போர்ட்டில் பெயரை இப்போது மாற்றாதீர்கள். விமான டிக்கெட்டிலும் விசாவிலும் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

மலைக்காற்று (காலை 10.52)
இதற்கு நன்றி சித்தர். இது எனக்கும் தோன்றவில்லை.

கொங்கு_மாப்பிள்ளை (5 நாள் கழித்து, இரவு 9.05)
பாஸ் வாங்கவில்லை. 4, 4, 3, 1, 2 அப்படியே போட்டுத் திங்களன்று கொடுத்தாயிற்று. சித்தி பாரிஸுக்கு வருகிறார். சூட்கேஸ் இரண்டு. எல்லோருக்கும் நன்றி, பத்திரிகை வைக்கக் கிளம்புகிறேன்.

மலைக்காற்று (இரவு 9.20)
மகிழ்ச்சி! யுங்ஃபிராவ்யோக் உண்டா?

நவம்பர்_கல்யாணம் (மறுநாள், மதியம் 1.15)
எனக்கும் நவம்பரில் கல்யாணம், அதற்கு முன்பே விசா போடுகிறோம். விசா மையத்தில் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்களா, வேறு ஏதாவது கேட்டார்களா? இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.