மேனேஜர் வீட்டில் கிரேஞ்சும் ஹில் ஆஃப் கிரேஸும்: அடிலெய்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"மேனேஜர் ரிடையர் ஆகிறார், வீட்டில் கிரேஞ்ச், ஹில் ஆஃப் கிரேஸ் என்று இரண்டு ஒயின் திறக்கிறாராம், எனக்கு ஒயின் பற்றி ஒன்றுமே தெரியாது" என்று கேட்ட தம்பிக்கு.

முதலில், பயப்படாதே. குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் "நான் குடிப்பதில்லை, நன்றி" என்று சொன்னால் போதும். இங்கே யாரும் காரணம் கேட்டுக் குடைய மாட்டார்கள். குடிப்பதென்றால், மேசைக்கு வருவது என்ன என்று தெரிந்துகொண்டு போ. புதிதாக வாங்கினாலே பாட்டில் ஆயிரம் டாலர் அளவுக்கு வரும், பழசானால் இன்னும் மேலே.

இரண்டுக்கும் அடிப்படை ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சை, இரண்டும் இந்த தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே செய்வது. ஆனால் செய்யும் எண்ணமே வேறு. நம் ஊர் காபித்தூள் கடையில் பீபரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு என்று கலந்து ஒரே ருசி வரவைப்பார்களே, பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிரேஞ்ச் அந்த வகை. பல ஊர்த் தோட்டங்களின் பழத்தைக் கலந்து, புது அமெரிக்க ஓக் பீப்பாயில் வைப்பார்கள். ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் அப்படி இல்லை. ஈடன் வேலியில் ஒரே ஒரு தோட்டம். அங்கே மிகப் பழைய கொடிகள் 1860 வாக்கில் நட்டவை. எதிரே க்னாடன்பெர்க் என்ற லூத்தரன் தேவாலயம். அந்த ஜெர்மன் பெயரைத்தான் ஆங்கிலமாக்கி ஒயினுக்கு வைத்தார்கள். முதல் ஹில் ஆஃப் கிரேஸ் 1958. மகசூல் சரியில்லாத வருடம் ஒயினே கிடையாது, 2000-இல் அப்படித்தான்.

கிரேஞ்சின் கதை சினிமா மாதிரி. பென்ஃபோல்ட்ஸில் ஒயின் செய்த மாக்ஸ் ஷூபர்ட் பிரான்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து 1951-இல் சோதனையாகச் செய்தார். குடித்தவர்கள் கேலி செய்தார்கள், 1957-இல் நிறுவனமே நிறுத்தச் சொன்னது. மனிதர் விடவில்லை. 57, 58, 59 மூன்று வருடமும் மேலிடத்துக்குத் தெரியாமல் செய்து வைத்தார். அந்த 1959 பாட்டில் ஒன்று பின்னால் ஒரு அரசியல்வாதியின் பதவியைக் காவு வாங்கியது. அப்போதைய நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பாரி ஓ'ஃபாரெல் அதைப் பரிசாக வாங்கியது நினைவில்லை என்று ஊழல் விசாரணையில் சொன்னார். அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளியே வந்ததும் 2014-இல் ராஜினாமா. இது உனக்கும் பாடம் தம்பி: அரசு வேலையில் சேர்ந்தால், பரிசு வாங்கினாலும் கொடுத்தாலும் முதலில் அலுவலக விதியைப் பார்.

நான் சேர்ந்த புதிதில் இதேபோல் ஒரு விருந்து, இரண்டு ஒயினுமே 1996-ஆம் வருடத்துப் பழத்தில் செய்தவை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அலமாரியில் படுத்திருந்த பாட்டிலை எடுத்து ஆட்டிக்கொண்டே மேசைக்குக் கொண்டுபோனேன். பழைய சிவப்பு ஒயினில் அடியில் வண்டல் தங்கியிருக்கும். அதை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, மெல்லச் சாய்த்து வேறு ஜாடிக்கு மாற்றவேண்டும். நான் ஆட்டிய ஆட்டத்தில் ரசம் கலங்கின மாதிரி ஆகிவிட்டது. விருந்து கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வடிகட்டியை எடுத்து வந்தார், அவ்வளவுதான். வாயில் வைத்தபோது கிரேஞ்ச் அடர்த்தி, சாக்லேட்டும் வெனிலாவும் போல. ஹில் ஆஃப் கிரேஸ் மெலிதாக ஆரம்பித்து மிளகும் மசாலாவுமாக ரொம்ப நேரம் தொண்டையில் நின்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பிடித்ததைச் சொல், போதும்.

கையில் கொண்டுபோக பென்ஃபோல்ட்ஸின் "பின் 389" (Bin 389) என்ற சிவப்பு ஒயின் நல்ல தேர்வு. அதில் ஒரு பகுதி கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் ஊறுவதால் "பேபி கிரேஞ்ச்" என்பார்கள். விலையும் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

அப்புறம், ஈடன் வேலி போனால் கொடிகளுக்கு நடுவே போட்டோ எடுக்க இறங்காதே. திராட்சைக் கொடியின் வேரை அழிக்கும் ஃபைலோக்சரா என்ற பூச்சி இன்னும் இந்த மாநிலத்துக்கு வரவில்லை, அது செருப்பு மண்ணிலேயே பயணம் செய்யும். உன் வண்டியில் பி பிளேட் (புது ஓட்டுநருக்கான தற்காலிக லைசென்ஸ் அடையாளம்) இருந்தால் ரத்தத்தில் மது சுத்தமாகப் பூஜ்யம்தான். விருந்துக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விட்டு வா.