வெண்டல் ஸ்காட் வென்ற பந்தயத்தின் கோப்பை வேறொருவருக்குப் போனது எப்படி?

கேள்வி:
ஸ்டாக் கார் பந்தயங்களில் (சாதாரண சாலைக் கார்களைப் பந்தயத்துக்கென மாற்றியமைத்து ஓட்டுபவை) ஓடிய கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கையைத் தழுவி, ரிச்சர்ட் பிரையர் நடித்து 1977-இல் வெளிவந்த ‘கிரீஸ்டு லைட்னிங்’ படத்தை அண்மையில் பார்த்தேன். பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது, 1963 டிசம்பர் 1 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவர் வென்ற பந்தயத்தில், பக் பேக்கரையே வெற்றியாளராக முதலில் அறிவித்தார்கள் என்று தெரிந்தது. முதலில் வந்தவர் யார் என்பதில்கூடவா குழப்பம் வரும்? வேண்டுமென்றே செய்தார்களா?

பதில்:
குழப்பம் வரக்கூடியதுதான். அக்காலத்தில் சுற்றுகளைக் கருவி எண்ணவில்லை. ஆட்கள் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஜாக்சன்வில் தடம் அரை மைல் நீளமுள்ள மண் தடம். 200 சுற்று ஓட வேண்டும். முன்னணியில் இருப்பவர் பின்தங்கியவர்களைத் திரும்பத் திரும்பக் கடந்துகொண்டே இருப்பதால், புழுதிக்கு நடுவே கண்முன் போகும் வண்டி எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பதைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மற்றொரு பதில்:
எண்ணும் முறையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஸ்காட் நூலிழையில் வெல்லவில்லை. இன்னும் 25 சுற்றுகள் இருக்கும்போது, வண்டி பழுதாகித் திணறிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியை முந்திய அவர், முடிவில் மற்ற எல்லோரையும்விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே, அதாவது கோப்பையும் கொண்டாட்டமும் பேக்கருக்கு முடிந்துவிட்ட பிறகே, வெற்றி ஸ்காட்டுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். பரிசளிப்பு மேடையில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி வெற்றியாளருக்கு முத்தம் தருவது வழக்கம். அந்த இடத்தில் தம்மை நிறுத்த விரும்பாததே காரணம் என்று ஸ்காட் நம்பினார். தெற்கு மாநிலங்களின் அன்றைய நிலையை அறிந்தவர்கள் அதை மிகையென்று தள்ள மாட்டார்கள். அவர் 1990-இல் இறந்தார். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கோப்பை வழங்கியது 2021-இல்.

இன்னொரு பதில்:
படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் டேன்வில்லில் கள்ளச்சாராயம் கடத்தி, காவலர்களுக்குத் தண்ணி காட்டியவர் ஸ்காட். கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடிய பந்தய அமைப்பாளர்கள், காவலர்களிடமே விசாரித்து அவரைப் பிடித்தது உண்மை. பிரையரின் நகைச்சுவைக்கு இந்தப் பகுதி வாகாக அமைந்துவிட்டது. ஆனால் பழைய வண்டிகளை வாங்கி, மகன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாமே பழுதுபார்த்து, ஏறத்தாழ 500 பந்தயங்கள் ஓடிய மனிதரின் அன்றாடப் பாட்டை இன்னும் நிதானமாகக் காட்டியிருக்கலாம் என்பதே என் கருத்து.