'மெத்தட் லுக்கப் ஆர்டர்': 'தேடுவரிசை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரூபி நிரல்மொழியில் ஒரு மெத்தடை (பொருள் செய்யவேண்டிய வேலையை எழுதிவைக்கும் நிரல் பகுதியை) எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதுதான் 'மெத்தட் லுக்கப் ஆர்டர்'. அதற்கு 'முன்னோர் வரிசை' என்ற பரிந்துரையைப் படித்தேன். ரூபியில் இந்தத் தேடும் இடங்களின் பட்டியலைத் தரும் கட்டளையின் பெயரே 'ஆன்செஸ்டர்ஸ்' (முன்னோர்) என்பதால் அந்தச் சொல் தோன்றியிருக்கும். ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. (மெத்தட் என்பதைச் 'செய்முறை' என்றும், செய்முறைகளின் தொகுப்பான மாட்யூல் என்பதைக் 'கூறு' என்றும் எழுதுகிறேன்.)

ஒரு எடுத்துக்காட்டு. 'பறவை' என்ற வகுப்பிலிருந்து (கிளாஸ், அதாவது பொருள்களுக்கான அச்சு) 'கிளி' என்று ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) உருவாக்குகிறோம். அந்தக் கிளிக்கு மட்டும் முதலில் 'சத்தம்', அப்புறம் அடுத்த வரியில் 'மெல்லிசை' என்று இரண்டு கூறுகளை 'எக்ஸ்டெண்ட்' என்ற கட்டளை வழியாகச் சேர்க்கிறோம். பறவையிலும் இரண்டு கூறுகளிலும் 'கூவு' என்ற செய்முறை இருக்கிறது. இப்போது கிளியைக் கூவச் சொன்னால் எது ஓடும்? ரூபி முதலில் கிளிக்கே உரிய தனி வகுப்பில் (சிங்கிள்டன் கிளாஸ்) பார்க்கும். அங்கே இல்லையென்றால் மெல்லிசை, பிறகு சத்தம், அதன்பின்தான் பறவை. கடைசியாகச் சேர்ந்த கூறு முன்னால் வந்து நிற்கும். ஆகவே மெல்லிசையின் 'கூவு' ஓடும்.

இதில் மெல்லிசை கிளிக்கு முன்னோரா? நேற்று வந்து சேர்ந்தது அது. வேறெந்தப் பறவைக்கும் அதோடு உறவு கிடையாது. 2013இல் ரூபி 2.0 கொண்டுவந்த 'ப்ரிபெண்ட்' வழியாகச் சேர்க்கும் கூறோ வகுப்புக்கும் முன்னால் போய் நிற்கிறது. பட்டியலில் பிள்ளைக்குப் பின்னால் நிற்பவர்தானே முன்னோர்?

பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் இதன் பெயர் 'மெத்தட் ரெசல்யூஷன் ஆர்டர்'. அதைப் பார்த்துத் 'தீர்வு வரிசை' என்று எழுதினால் கணக்குப் புத்தகத்தின் விடைப் பக்கம்தான் நினைவுக்கு வரும். 'முன்னுரிமை வரிசை'யும் வேண்டாம். முக்கியமானதை முதலில் எடுக்கும் தரவு வரிசையான 'பிரையாரிட்டி க்யூ'வுக்கு அது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

என் பரிந்துரை 'தேடுவரிசை'. 'தேடுபொறி' நம் நாவில் படிந்துவிட்ட சொல். அதே வார்ப்புதான் இதுவும். இன்னொரு பொருத்தமும் உண்டு. இது வினைத்தொகை: தேடிய வரிசை, தேடுகின்ற வரிசை, தேடும் வரிசை என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கின்றன. ரூபியில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூறைச் சேர்த்து இந்த வரிசையை மாற்றலாம். காலம் காட்டாத சொல் அதற்கு அழகாகப் பொருந்துகிறது.

இந்த வரிசை புரியாமல் நானே ஒருமுறை அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். தனித்தனி வரிகளில் சேர்த்த இரண்டு கூறுகளை, சுருக்கமாக இருக்கட்டும் என்று அதே வரிசையில் ஒரே 'எக்ஸ்டெண்ட்' அழைப்பில் எழுதினேன். விடை மாறிவிட்டது. ஒரே அழைப்பில் தந்தால், முதலில் எழுதிய கூறுதான் முதலில் தேடப்படும். தனி வரிகளில் அது தலைகீழ். தனி வகுப்பின் ஆன்செஸ்டர்ஸ் பட்டியலை அச்சிட்டுப் பார்த்த பிறகே புரிந்தது. பாடம் எழுதுபவர்கள் இதை ஒரு வரியிலாவது சொல்லிவிட வேண்டும்.

சொல் அமைந்துவிட்டால், ஒரு செய்முறைக்குள்ளிருந்து அதே பெயருள்ள அடுத்த செய்முறையை அழைக்கும் 'சூப்பர்' என்பதையும் சரியாக விளக்கலாம். 'மேல்வகுப்பை அழை' என்று பல இடங்களில் எழுதுகிறோம். மெல்லிசைக்குள் 'சூப்பர்' என்று எழுதினால் போய்ச் சேருமிடம் மேல்வகுப்பு அல்ல, சத்தம். 'தேடுவரிசையில் அடுத்ததை அழை' என்று திருத்திவிடலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.