புதுப்பிப்பு: வாங்கும் வீட்டைப் பரிசோதிக்க ஆள் கிடைத்துவிட்டார்

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பழைய வீடு வாங்குகிறோம், வாங்குமுன் வீட்டின் குறைகளைப் பார்த்துச் சொல்ல ஏஜென்ட் சொல்லும் இன்ஸ்பெக்டரையே வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்று நாங்களே ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த வேலைக்கு உரிமம் கட்டாயமில்லை. உரிமத்தைக் கட்டாயமாக்க 2017இல் நிறைவேறிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் உரிமம் வேண்டும். அதனால் ஆர்.எச்.ஐ. (பதிவுபெற்ற வீட்டுப் பரிசோதகர்) தகுதி, அவர் வேலையில் தவறு செய்தால் ஈடுகட்டும் தொழில் பிழைக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்தோம், அப்புறம் ஒரு மாதிரி அறிக்கையும் கேட்டோம். ஆளை எடைபோட அந்த அறிக்கைதான் உதவியது. வேறொருவர் தந்தது வெறும் டிக் போட்ட படிவம்; நாங்கள் தேர்ந்தெடுத்தவருடையதில் ஒவ்வொரு குறைக்கும் படமும் விளக்கமும் இருந்தன.

பரிசோதனையின்போது தயவுசெய்து கூடவே இருங்கள். மின்பெட்டியைத் திறந்து அலுமினிய வயரிங்கைக் காட்டினார். 1960, 70களில் கட்டிய பல வீடுகளில் இது உண்டு. அது பாதுகாப்பாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை, பரிசோதனை திருப்தியாக இருந்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.