லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய கொலைகாரன்

நொய்யல்வாசி:
'உலகத்தரமான த்ரில்லர்' என்று இங்கே ஒருத்தர் ஏற்றிவிட்டதை நம்பி அந்த சிங்கப்பூர் நாவலை வாங்கித் தொலைத்தேன். கதை நடப்பது 1995-ல். கொலைகாரன் தேக்கா மார்க்கெட்டில் ஆளைக் குத்திவிட்டு, லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் எம்ஆர்டி மெட்ரோ ரயில் ஏறித் தப்பிக்கிறான். அந்த ஸ்டேஷனைத் திறந்ததே 2003-ல். எட்டு வருஷம் பிளாட்பாரத்தில் நின்றானா?

பவானிக்கரை:
ஏற்றிவிட்டது நான்தானுங்க, பேரைச் சொல்லியே திட்டலாம். நாவல் என்ன ரயில்வே அட்டவணையா? அந்த இன்ஸ்பெக்டரின் தனிமை உங்கள் கண்ணில் படவே இல்லையா?

நொய்யல்வாசி:
தனிமை கிடக்கட்டும். ரயில் எங்கே? அவன் தவறவிட்ட ரயில் டிக்கெட்டை வைத்துத்தான் ஆளையே பிடிக்கிறார்கள். ரயில் இல்லையென்றால் கேஸே இல்லை.

ஊத்துக்குளியான்:
சிங்கப்பூரில் 1987-லேயே எம்ஆர்டி ஓட ஆரம்பித்துவிட்டதே அண்ணா?

நொய்யல்வாசி:
அய்யா சாமி, எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க. எம்ஆர்டி வந்தது 87. வடகிழக்குப் பாதை போட்டு லிட்டில் இந்தியாவுக்கு வந்தது 2003. 95-ல் தேக்காவிலிருந்து ரயில் பிடிக்க பூகிஸுக்கோ டோபி காட்டுக்கோதான் போகணும். அப்போது சிராங்கூன் ரோட்டில் வேலை பார்த்தவன் நான். வேகாத வெயிலில் நடந்திருக்கிறேன்.

பவானிக்கரை:
வந்துவிட்டதா சிராங்கூன் ரோடு! போன மாசம் அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய்யா, கடலெண்ணெயா என்று பேசினபோதும் வந்தது.

கொடுமுடிக்காரி:
ரயிலை விடுங்க. கொலை செய்தது மாமனார்தான் என்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் இருநூறு பக்கத்துக்கு மழை, காபி, பெருமூச்சு.

ஊத்துக்குளியான்:
ஏனுங்க, இன்னும் படிக்காதவன் ஒருத்தன் இங்கே இருக்கிறேன்!

நொய்யல்வாசி:
படிக்காமலா இத்தனை நேரம் வாதாடினீங்க? நல்லா இருக்குங்க. பவானிக்கரை அம்மணி, ஈரோடு புத்தகத் திருவிழாவில் என்னிடம் இரவல் வாங்கின இரண்டு புத்தகம் என்ன ஆச்சு?

பவானிக்கரை:
அதில் ஒன்று நான் காசு கொடுத்து வாங்கியது. பில் இருக்கிறது.

நொய்யல்வாசி:
போடுங்க பார்க்கலாம். கூடவே 95-ல் லிட்டில் இந்தியாவில் நின்ற ரயிலையும் ஒரு படம் போடுங்க.

பவானிக்கரை:
உங்களுக்கு எதற்குப் போடணும்? போன வருஷம் நான் எழுதின விமர்சனத்தையும் இப்படித்தான் ஒரு கமாவைப் பிடித்துக்கொண்டு குதறினீங்க.

நொய்யல்வாசி:
கமா இல்லை, வருஷம். அதையும் தப்பாகத்தான் போட்டிருந்தீங்க.

ஊத்துக்குளியான்:
எந்த மாமனார்? பின்னட்டையில் இரண்டு மாமனார் இருக்காங்களே?