மளிகை பில் மாசா மாசம் ஏறுது, எங்க கை வைக்கிறதுன்னே தெரியல

கேள்வி: ரெண்டுவாலுங்கஅம்மா

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல நாலு பேர், நான், அவர், ரெண்டு பசங்க. ஒரு வருஷமா அதே லிஸ்ட் தான் வாங்குறேன், பில் மட்டும் ஏறிட்டே போகுது. ஆஃபர் பாத்து வாங்கியாச்சு, பெரிய பாக்கெட்டா வாங்கியாச்சு, பிராண்டு கூட மாத்தியாச்சு, மாசக் கடைசில பர்ஸ தொறந்தா பழைய கதை தான். போன மாசம் பருப்பு சல்லிசா வருதேன்னு அஞ்சு கிலோ எடுத்து வெச்சேன், பாதி தீர்றதுக்குள்ள வண்டு வந்து, வெயில்ல கொட்டி பொறுக்கி, கடைசில ஒரு கிலோ தூக்கித்தான் போட்டேன். "இதான் உன் சேமிப்பா"ன்னு அவர் வேற ஒரு கேள்வி. கறி, முட்டைய குறைக்கலாம்னு தோணுது, ஆனா பசங்க வளர்ற வயசு, மனசு வரல. தட்டுல கை வைக்காம செலவ கொறச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன். பட்ஜெட் நோட்டு போடுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மூணு தடவ ஆரம்பிச்சு மூணு தடவயும் நாலாம் நாள் விட்டவ நான்.

பதில் 1: சரக்குமாஸ்டர்

அக்கா, நான் ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஆறு வருஷம் ரேக்ல சரக்கு அடுக்குனவன், அந்த அனுபவத்துல சொல்றேன். நம்ம கண்ணுக்கு நேரா இருக்குற தட்டு சும்மா அமையறது இல்ல, கடைக்காரங்க எத வித்தா லாபமோ அது தான் பெரும்பாலும் அங்க உக்காரும். அதே சாமான் கொறஞ்ச விலைல கீழ் தட்டுல கெடக்கும். கொஞ்சம் குனியணும், அவ்ளோதான்.

அடுத்தது எடை. பாக்கெட் அதே கலர், அதே சைஸ், அதே விலை, ஆனா உள்ள 200 கிராம் இருந்தது 180 ஆயிருக்கும். 20 கிராம் தானேன்னு தோணும், கணக்கு போட்டா விலைய 11 சதவீதம் ஏத்துனதுக்கு சமம். அதனால விலைய பாக்காதீங்க, விலைய கிராமால வகுத்து நூறால பெருக்குங்க, 100 கிராமுக்கு எவ்ளோன்னு வந்துடும். போன்ல பத்து செகண்ட் வேலை. பெரிய பாக்கெட் சின்னத விட காஸ்ட்லியா இருக்குறத நானே எத்தனையோ தடவ அடுக்கிருக்கேன்.

எண்ணெய்ல இன்னொரு கூத்து இருக்கு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய தராசுல வெச்சா கிட்டத்தட்ட 910 கிராம் தான் வரும், எண்ணெய் தண்ணிய விட லேசு. அப்போ ஒண்ணுல 1 லிட்டர்னும் பக்கத்துல ஒண்ணுல 1 கிலோன்னும் போட்டிருந்தா ரெண்டும் ஒண்ணு இல்ல, கிலோ பாக்கெட்ல ஏறக்குறைய 100 மில்லி கூட இருக்கு. இத யாரும் கவனிக்கிறதே இல்ல.

பதில் 2: அடுப்படிஆத்தா

தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனா மா, கடைல மிச்சம் புடிச்சத நீங்க குப்பைக்கூடைல போட்டுட்டு இருக்கீங்க, அந்த ஒரு கிலோ பருப்பு மாதிரி. ஒரு வாரம் மட்டும் தூக்கிப் போடுற சாப்பாட்டு சாமான தனியா ஒரு கவர்ல போட்டு எடை பாருங்க, தோல் கொட்டை எல்லாம் வேண்டாம், தின்னிருக்க வேண்டியது மட்டும். நோட்டு வேண்டாம், கவர் போதும். ஐநா சபையோட சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல போட்ட அறிக்கைல, 2022ல மட்டும் உலகத்துல வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்துன்னு இருக்கு. ஹோட்டல் தான் வீணாக்குதுன்னு நான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன்.

வண்டுக்கு வழி சொல்றேன். வாங்குன உடனே பருப்பு, மாவு பாக்கெட்ட ஃப்ரீசர்ல, மைனஸ் 18 டிகிரில, நாலு நாள் வெச்சிடுங்க, முட்டையோட செத்துடும். எடுத்தப்புறம் பாக்கெட்ட பிரிக்காம வெளிய வெச்சு, சில்லு போனப்புறம் காத்து புகாத டப்பால கொட்டுங்க, இல்லன்னா ஈரம் கோத்துக்கும்.

வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடைல போடாதீங்க, சீக்கிரம் கெட்டுப் போகும். வாழைப்பழம், தக்காளி, ஆப்பிள் மூணும் எத்திலீன்னு ஒரு வாயு விடும், பக்கத்துல கீரை இருந்தா ரெண்டே நாள்ல மஞ்சளாயிடும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல முன்னாடி ஒரு தட்டு இருக்கு, "மொதல்ல இத முடி" தட்டுன்னு பேரு, அது காலியாகாம வேற காய் நறுக்கக் கூடாது. மருமகளுக்கு மொதல்ல எரிச்சல், இப்போ அவளே எனக்கு ரூல்ஸ் பேசுறா.

பதில் 3: ஒண்டிக்கட்டை

எல்லாரும் குடும்பத்துக்கே சொல்றீங்க, தனியாளா இருக்குறவன் எங்க போறது 😅 என் காசு போறது டெலிவரி ஆப்ல தான். பால் மட்டும் வேணும்னு தொறப்பேன், டெலிவரி ஃப்ரீ ஆகணும்னா இன்னும் கொஞ்சம் வாங்குன்னு சொல்லும், சிப்ஸ சேப்பேன், அப்புறம் பாத்தா அந்த சிப்ஸுக்கு குடுத்ததே டெலிவரி சார்ஜ விட ஜாஸ்தி. இப்போ ஆப்ப தூக்கிட்டேன், வாரத்துக்கு ஒரு தடவ நடந்து போறேன், வயிறு நெறைய சாப்ட்டுட்டு. பசியோட கடைக்குப் போனா கை சும்மா இருக்காது. ராத்திரிக்கு சோறு கூட வடிச்சு அடுப்பு மேலயே விட்டுட்டா காலைக்கும் ஆச்சு, கேஸ் மிச்சம்.

பதில் 4: அடுப்படிஆத்தா

அய்யோ, சோற ராத்திரி முழுக்க வெளிய வைக்காதப்பா! அரிசில இருக்குற ஒரு கிருமியோட விதை வேக வெச்சாலும் சாகாது, வெதுவெதுப்புல பெருகி விஷத்தக் கக்கும், திரும்ப சுட வெச்சாலும் அது போகாது. ஒரு மணி நேரத்துல ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வை. கேஸ்ல மிச்சம் புடிச்சு டாக்டர்ட்ட குடுக்கவா?

பதில் 5: ரெண்டுவாலுங்கஅம்மா

ஆத்தா சொன்ன கவர் ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு கிலோ இருநூறு கிராம். எனக்கே நம்ப முடியல, ரெண்டு தடவ எடை போட்டேன். பாதிக்கு மேல பசங்க ஸ்கூல் டப்பால மிச்சம் வந்தது, வெளிய சொல்லாம டப்பாவ அப்படியே மூடிக் கொண்டாந்திருக்காங்க. கேட்டா "நீ நெறைய வெக்கிற"ன்றான் பெரியவன். டப்பாவ சின்னதாக்கிட்டேன், கறிய கொறைக்கற பேச்சு இப்போதைக்கு இல்ல. அவர்ட்ட கவர காட்டல.

தம்பி, எண்ணெய் பாக்கெட்டயும் எடுத்துப் பாத்தேன். லிட்டரும் இல்ல, கிலோவும் இல்ல, 850 கிராம்.