கியர்பாக்ஸ் ஆயில், கியர் ஆயில்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கையால் கியர் மாற்றும் வாகனங்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கியர்பாக்ஸ் ஆயில், கியர் ஆயில் என்ற இரு சொற்களும் மூலத்தில் மாறி மாறி வருகின்றன. இரண்டும் பற்சக்கரங்களுக்கு ஊற்றும் எண்ணெய்தான் என்பதால், இரண்டுக்கும் ‘வழுக்கெண்ணெய்’ என்ற ஒரே சொல்லை ஆளலாம் என்று கருதுகிறேன். ‘மசகு எண்ணெய்’ எஞ்சின், சங்கிலி என எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. ‘வழுக்கெண்ணெய்’ என்றால், கியர் எளிதாக விழுவதற்காக ஊற்றுவது என்று பெயரிலேயே விளங்கிவிடும். உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

ஐயா, வணக்கம்.

சொல் சிறியது, நாவுக்கும் எளியது. ஆனால் அது உணர்த்தும் பொருள் கியர்பாக்ஸுக்குள் நடப்பதற்கு நேர்மாறானது என்பதால் அதை ஏற்க இயலவில்லை. இரண்டு எண்ணெய்களையும் ஒரே சொல்லில் அடக்குவதை அதைவிடவும் வலுவாக எதிர்க்கிறேன், ஏனெனில் அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு ஒருவர் தவறான டப்பாவைத் திறக்கக்கூடும்.

முதலில் வழுக்கலைப் பார்ப்போம். இன்றைய கியர்பாக்ஸில் முன்செல்லும் கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் கியர் கம்பியைத் தள்ளும்போது நகர்வது பற்சக்கரம் அன்று. தண்டோடு சேர்ந்து சுழலும் ஸ்லீவ் என்ற வளைய உறைதான் நகர்ந்து, வேண்டிய பற்சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அதற்காகவே இடையில் ஒரு கூம்பு வளையம், பெரும்பாலும் பித்தளையில், அமைந்திருக்கிறது. பட்டறையில் அதைச் சிங்க்ரோ ரிங் என்பார்கள். ஸ்லீவ் நகரும்போது இந்த வளையம் பற்சக்கரத்தின் கூம்புப் பரப்பின்மேல் அழுந்த, உராய்வினால் வேக வேறுபாடு நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் தீர்கிறது. அது தீரும்வரை வளையத்தின் விளிம்பிலுள்ள பற்கள் ஸ்லீவை மேலே செல்லவிடாமல் தடுத்து நிற்கின்றன. 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான காலத்திலிருந்து இந்த அமைப்பு பலவாறு திருத்தப்பட்டிருக்கிறது என்றாலும், கூம்பு உராய்ந்து வேகத்தைச் சமனாக்கும் அடிப்படை மாறவில்லை.

ஆகவே அந்த வளையம் எண்ணெயில் மூழ்கிய ஒரு சிறு பிரேக் போன்றது. அதன் உட்பரப்பில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருப்பதே எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து, உலோகம் உலோகத்தைப் பற்றச் செய்வதற்குத்தான். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் கூம்பின்மேல் சறுக்கிக்கொண்டே இருக்கும், வேகம் சமனாகாது, கம்பியை வலிந்து தள்ளினால் பற்கள் கரகரவென்று மோதும். மறுபுறம், வேகம் சமனாகும் தறுவாயில் உராய்வு திடீரென்று ஏறினால் வளையம் கூம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கம்பி பாதி வழியில் ஒருமுறை நின்று, பிறகு ‘டக்’கென்று விழும். சுழலும்போது போதிய உராய்வு, நிற்கும் நேரத்தில் அதைவிட அதிகம் ஏறாத உராய்வு: மென்மையான கியர் மாற்றம் எண்ணெயிடம் கேட்பது இதைத்தான். இதே எண்ணெய் தாங்கிகளிலும் (பேரிங்) பல் முகங்களிலும் உராய்வைக் குறைக்கவும் வேண்டும் என்பதால், தயாரிப்பவர் பாடு எளிதன்று. அப்படிப்பட்ட ஒன்றுக்கு வழுக்கலை மட்டும் சொல்லும் பெயர் பொருந்துமா?

அடுத்து, கியர்பாக்ஸுக்கு ஊற்றுவதும், கியர் ஆயில் என்ற பெயரில் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுவதும் ஏன் ஒன்றல்ல என்பது. டிஃபரன்ஷியல் என்பது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் பற்சக்கர அமைப்பு. பின்சக்கர அச்சில் அதைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான க்ரௌன், சிறியதான பினியன் இரண்டும் பெரும்பாலும் ஹைப்பாய்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பற்கள் உருள்வதோடு நில்லாமல், பெருஞ்சுமையின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் தாங்காது. ஆதலால் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். உரசும் இடத்தின் வெப்பத்தில் அவை எஃகோடு வினைபுரிந்து, பற்களை உராய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய தோலாகின்றன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏபிஐயின் வகைப்பாட்டில் இது ஜிஎல்-5. அத்தகைய கடும் சறுக்கல் இல்லாத இடங்களுக்கானது ஜிஎல்-4. அதில் அந்தச் சேர்மங்கள் பொதுவாக ஏறக்குறைய பாதி அளவே இருக்கும்.

ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே சிறந்தது என்று எண்ணுவதுதான் இங்கே நிகழும் பெரும் பிழை. எஞ்சின் எண்ணெயில் புதிய வகை பழையதற்கு மாற்றாக வருவது வழக்கம் என்பதால் அந்த எண்ணம் இயல்பாகவே எழுகிறது. கியர் எண்ணெயின் எண்கள் ஏணிப்படிகள் அல்ல, பயன்படும் இடத்தைக் குறிப்பவை. எஃகைக் காக்கும் அதே கந்தகச் சேர்மம், வினைத்திறன் மிகுந்த வடிவில் இருந்தால், சூட்டில் செம்புக் கலவைகளை அரிக்கும். பித்தளை வளையமோ செம்புக் கலவை. இக்காலத்து ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் அரிப்பைத் தடுக்கும் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அரிப்பு தீர்ந்தால் சிக்கல் தீர்ந்துவிடாது, ஏனெனில் பரப்பில் படியும் அந்தத் தோல் வளையத்தின் உராய்வையும் மாற்றிவிடுகிறது. என் பார்வையில், அன்றாடம் ஓட்டுபவர் முதலில் உணரும் குறை அரிப்பன்று, இதுதான். தயாரிப்பாளர் ஜிஎல்-4 என்று எழுதியிருந்தால் ஜிஎல்-4தான் ஊற்ற வேண்டும். தயாரிப்பாளர் ஜிஎல்-5 என்றே எழுதியிருக்கும் கியர்பாக்ஸுகளும் சில உண்டு, அங்கே அதுவே சரி.

முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றனவே என்று யாரேனும் கேட்கலாம். எஞ்சின் குறுக்காக அமைந்த கார்களில் இறுதிப் பற்சக்கரங்கள் ஹைப்பாய்டு அல்ல, சாய்பற்கள் கொண்ட சாதாரண வகை. ஆகவே ஜிஎல்-4 அங்கே போதுமானது.

இனிக் கெட்டித்தன்மை. பாடநூல்களில் ‘பாகுநிலை’ என்று இருப்பதால் அதையே பின்பற்றலாம். ‘பிசுபிசுப்பு’ ஒட்டும் தன்மையையும் குறித்துக் குழப்பும். டப்பாவின்மேல் 75டபிள்யூ-90 என்று இருந்தால், டபிள்யூவோடு வரும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு கெட்டிப்படலாம் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸில் அதன் பாகுநிலையையும் சொல்கின்றன. 1,50,000 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் ஓர் அலகு) எனும் வரம்பை 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 பாகையிலும், 80டபிள்யூ மைனஸ் 26 பாகையிலும், 85டபிள்யூ மைனஸ் 12 பாகையிலும் தாண்டக்கூடாது. 90 என்ற எண்ணைக் கண்டு மிரளத் தேவையில்லை: 100 பாகையில் அதன் பாகுநிலை நொடிக்கு 13.5 முதல் 18.5 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் எண்ணெய் 40க்கு அதே அளவு 12.5 முதல் 16.3 வரை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடக்கூடாது என்று கையேட்டில் ஒரு வரி சேர்ப்பது நலம்.

வண்டி சூடேறும் முன் கியர் கடினமாக விழுந்து, சிறிது தூரம் ஓடியபின் இலகுவாவதற்கு இந்தக் குளிர்ப் பாகுநிலையே பெரும்பாலும் காரணம். கெட்டியான எண்ணெய் வளையத்தின் வரிகளிலிருந்து விரைவாக வெளியேறாததால் கூம்பு பற்றுவது தாமதமாகிறது. தவிர, அது சுழலும் பற்சக்கரங்களைப் பின்னிழுக்கவும் செய்கிறது. மேல் கியருக்குப் போகையில், எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் உள்தண்டின் வேகம் குறைய வேண்டும் என்பதால் அந்த இழுப்பு ஓரளவு உதவும். கீழ் கியருக்கு இறங்குகையில் உள்தண்டு வேகம் கூட வேண்டும், அப்போது அது வளையத்தோடு மல்லுக்கு நிற்கும். குளிரில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது மட்டும் தனியாகச் சிரமம் தருவதாகப் பலர் சொல்வதன் பொருள் இதுதான். அதற்காகத் தயாரிப்பாளர் சொன்னதைவிட நீர்த்த எண்ணெயை ஊற்றினால், சூட்டில் பற்களுக்கும் தாங்கிகளுக்கும் காப்பு குறையும்.

ஆகவே என் முன்மொழிவு, எண்ணெயின் தன்மையால் பெயரிடாமல் ஊற்றும் இடத்தால் பெயரிடுவது. கியரைப் ‘பல்லிணை’ என்று கொண்டால், கியர்பாக்ஸுக்குரியது ‘பல்லிணைப்பெட்டி எண்ணெய்’. டிஃபரன்ஷியலுக்குரியது ‘அச்சுப் பல்லிணை எண்ணெய்’. இதில் மற்றொரு வசதியும் உண்டு. சில கைமுறைப் பெட்டிகளுக்குத் தானியங்கிக் கியர்பாக்ஸின் ஏடிஎஃப் எண்ணெயையே தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார், சிலவற்றுக்கு எஞ்சின் எண்ணெயை. தன்மையால் வைத்த பெயர் அங்கே பொய்த்துவிடும், இடத்தால் வைத்த பெயர் நிற்கும். சிங்க்ரோ ரிங்கிற்கு ‘ஒத்திசைவு வளையம்’ என்று சிலர் எழுதுவது எனக்கு நிறைவு தரவில்லை, அது செய்வது வேகத்தைச் சமனாக்குவது. ‘வேகச்சமனி வளையம்’ எனலாம்.

மறுமொழி 2

அன்புடையீர்,

இரு எண்ணெய்களைப் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ‘வேகச்சமனி’ நன்றாக இருக்கிறது. ‘பல்லிணைப்பெட்டி’தான் இடறுகிறது. பட்டறையில் வேலை செய்பவர் படிக்க வேண்டிய கையேட்டில், அவர் நாளும் சொல்லும் ‘கியர்’ என்ற சொல்லே இல்லாமற்போனால், அவர் அதை வேறு ஏதோ பொருளென்று எண்ணிப் புரட்டிவிடுவார். ஏடிஎஃப் போன்றவற்றை எண்ணெய் என்பதா, பாய்மம் என்பதா என்ற ஐயமும் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள்களை இந்தப் பகுப்பில் எங்கே வைப்பீர்கள்?

மறுமொழி 3

வணக்கம்.

‘கியர்’ பற்றிய கருத்து நியாயமானது. ‘கியர்பெட்டி எண்ணெய்’, ‘அச்சுக் கியர் எண்ணெய்’ என்று முதன்மைச் சொற்களாக வைத்து, பல்லிணை வடிவங்களைச் சொல்லடைவில் இணைச்சொற்களாகக் காட்டலாம். காப்பாற்றப்பட வேண்டியது வேறுபாடுதான், அது இதிலும் கெடவில்லை.

பாய்மம் வேண்டாம். அது வளியையும் நீர்மத்தையும் ஒருசேரக் குறிக்கும் இயற்பியற் சொல். நீர்த்திருந்தாலும் ஏடிஎஃப் ஓர் எண்ணெயே.

மோட்டார் சைக்கிள் தனிப் பத்தி பெற வேண்டியது. பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளட்ச், கியர்பெட்டி மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. அவற்றுக்கு ‘எஞ்சின் எண்ணெய்’ என்பதே போதும். அவற்றின் கியர்பெட்டியில் வேகச்சமனி வளையம் இல்லை, பற்சக்கரத்தின் பக்கவாட்டிலுள்ள முளைகள் நேராகக் கோத்துக்கொள்கின்றன. அங்கே உராய்வு தேவைப்படுவது கிளட்ச் தட்டுகளுக்கு. ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோவின் எம்ஏ என்ற குறி அந்த உராய்வுக்கு உறுதி தருவது, எம்பி என்பது உராய்வு குறைந்த வகை. கார்களுக்கென உராய்வு குறைத்த எண்ணெயை இதில் ஊற்றினால் கியர் விழும், கிளட்ச் வழுக்கும். ‘வழுக்கெண்ணெய்’ இங்கும் பொருந்தாது.

கையேட்டின் அந்த அத்தியாயத்துக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் மாற்றச் சொல்லும் முன், குறை எண்ணெயில்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நிதானமாக ஓடும்போது கிளட்சை முழுதும் மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டும் பற்கள் உரசினால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். பல பெட்டிகளில் ரிவர்ஸுக்கு வேகச்சமனி இல்லாததால் இந்தச் சோதனை குறையை ஒளிக்காது. நின்ற வண்டியில், எஞ்சினை அணைத்தபின்னும் கம்பி கடினமாக நகர்ந்தால் இணைப்புக் கம்பிகளையும் அவற்றின் மூட்டுகளிலுள்ள புஷ் எனும் உறைகளையும் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும், சூடேறிய பின்னும், உரசிக்கொண்டே விழுந்தால் அந்த வளையம் தேய்ந்திருக்கக்கூடும். எந்த எண்ணெயும் தேய்ந்த வரிகளை மீண்டும் வெட்டித் தராது. இவை எதுவுமின்றி எல்லாக் கியர்களும் ஒன்றுபோல் தடக்கி விழுந்தால்தான் எண்ணெயின் மட்டத்தையும் வகையையும் ஐயுற வேண்டும்.

சொல்லடைவுக்கான பதிவை இவ்வாறு எழுதலாம், திருத்தம் இருந்தால் இந்த இழையிலேயே தெரிவியுங்கள்:

கியர்பெட்டி எண்ணெய்: கையால் மாற்றும் கியர்பெட்டியின் பற்களையும் தாங்கிகளையும் தேய்விலிருந்து காத்து, வேகச்சமனி வளையம் கூம்பைப் பற்றுவதற்குத் தேவையான உராய்வைக் கெடுக்காத எண்ணெய். வகையும் பாகுநிலையும் வாகனக் கையேட்டில் உள்ளபடி. அச்சுக் கியர் எண்ணெய்க்கு மாற்றாகாது.